தொழிற்பயிற்சியில் ஆலையின் பங்கு: சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஒரு பார்வை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வடக்கே சென்றால் தடா என்னும் ஊர் வரும். அதனை ஒட்டிச் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து விரிந்திருப்பது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நகரில் கைப்பேசி, குளிரூட்டி, சாக்லேட், பற்பசை எனப் பலவகைப் பொருள்கள் உருவாகின்றன. இசுசு நிறுவனத்தின் வாகன ஆலை 2016-இல் இங்கே திறக்கப்பட்டது. சென்னை மெட்ரோவில் நாம் பயணம் செய்யும் ரயில்களில் பெரும்பாலானவை இங்குள்ள ஆல்ஸ்டாம் ஆலையிலிருந்து புறப்பட்டவையே.

சத்தியவேட்டுப் பகுதி தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லைச் சீரமைப்பின்போது திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதுவரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. இன்றும் இங்குள்ள பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஸ்ரீசிட்டி புதிய திருப்பதி மாவட்டத்தில் அமைந்தது.

ஆலைகள் வந்துவிட்டன. ஆனால், பக்கத்து ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அவ்வாலையின் வாசலைத் திறன்மிக்க தொழிலாளியாகக் கடக்கிறாரா, அல்லது பெட்டி சுமக்கும் ஒப்பந்தக் கூலியாகக் கடக்கிறாரா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை பெரும்பாலும் பயிற்சி நிலையத்துக்கும் ஆலைக்கும் இடையே நிலவும் உறவைப் பொறுத்தே அமைகிறது. அந்த உறவு எவ்வாறு இயங்குகிறது, பயிற்சியில் சேரும் இளைஞரும் அவருடைய குடும்பமும் அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இடைவெளி எங்கே தோன்றுகிறது?

ஐ.டி.ஐ. என வழங்கப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் 1950-இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியே உருவானவை. இன்று நாடெங்கும் அரசு, தனியார் நிலையங்கள் இரண்டும் சேர்ந்து 14 ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் ஆகிய பிரிவுகள் இரண்டாண்டுப் படிப்புகள். வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. இறுதித் தேர்வில் வென்றவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது.

இந்நிலையங்கள் மீது அடிக்கடி சொல்லப்படும் குறை, அங்கே கற்பிப்பதும் ஆலை வேண்டுவதும் பொருந்தவில்லை என்பது. இதற்குக் கற்பிப்போரின் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்வது முறையாகாது. ஆலையின் இயந்திரம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். பயிற்சி நிலையத்தின் இயந்திரம் நிதி ஒதுக்கீடு வரும்போதுதான் மாறும். கணினி வழி இயங்கும் கடைசல் பொறி ஒன்றின் விலை, ஒரு சிறிய நிலையத்தின் பல்லாண்டுச் செலவுக்கு ஈடாகலாம். அப்பொறியை வாங்கினாலும், அதனை நாள்தோறும் உற்பத்தியில் இயக்கிப் பழகிய ஆசிரியர் வேண்டும். பழுதான உருப்படியை ஆலை எவ்வாறு ஒதுக்குகிறது, இரவுப் பணிமுறையில் பொறுப்பு எவ்வாறு கைமாறுகிறது, ஆபத்து நேரத்தில் எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். பழக்கமாக்க ஆலைத் தளம் வேண்டும்.

அப்படியானால் ஆலையே முழுப் பயிற்சியையும் அளித்துவிடலாமே? ஆலை உரிமையாளர் தயங்குவதற்கும் நியாயமான காரணம் உண்டு. ஈராண்டு செலவழித்துப் பயிற்றுவித்த இளைஞர், பக்கத்து ஆலையில் ஈராயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அங்கே போய்விடுவார். ஒரே சுற்றுச்சுவருக்குள் பல ஆலைகள் நிற்கும் தொழில் நகரில் இந்த அச்சம் இன்னும் கூடுதல்.

இந்தச் சிக்கலைத் தெளிவாக விளக்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர். பின்னாளில், 1992-இல், நோபல் பரிசு பெற்ற அவர், 1964-இல் வெளியான தமது 'மனித மூலதனம்' நூலில் திறனை இருவகையாகப் பிரித்தார். எங்கு சென்றாலும் பயன்படும் பொதுத்திறன் ஒன்று. குறிப்பிட்ட நிறுவனத்தில் மட்டும் பயன்படும் தனித்திறன் மற்றொன்று. தனித்திறனுக்கான செலவை ஏற்க நிறுவனம் முன்வரும். ஏனெனில் பயன் அதற்கே திரும்பி வரும். பொதுத்திறனுக்கான செலவையோ, பயிற்சிக் காலத்தில் குறைந்த ஊதியம் பெறுவதன் மூலம் கற்பவரே பெரும்பாலும் ஏற்கிறார்.

இக்கருத்தைப் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பயிற்சியில் இருப்பவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை முழு ஊதியத்தைவிடக் குறைவு. அந்த வேறுபாடு, ஒரு பொருளில், அவர் செலுத்தும் கல்விக் கட்டணம். அதற்கு ஈடாக அவர் பெற வேண்டியது, எந்த ஆலையிலும் செல்லுபடியாகும் திறனும் அதற்கான சான்றும். கட்டணத்தைச் செலுத்திவிட்டு, ஒரே ஆலையின் ஒரே வரிசையில் ஒரே திருகாணியை முறுக்க மட்டும் கற்று வெளியேறினால், அந்தக் குடும்பம் இழந்தது ஈராண்டுக் காலம்.

ஆலையே பள்ளி நடத்தும் முறை

பயிற்சி நிலையமும் ஆலையும் இணையும் முறைகளுள் முதலாவது, வேலை தருபவரே பள்ளியையும் நிறுவுவது. இதற்குச் சித்தூரிலும் திருப்பதியிலும் இரு சான்றுகள் உள்ளன. ஒன்று நவீனத் தொழில் சார்ந்தது; மற்றொன்று தொன்மையான கலை சார்ந்தது.

அமெரிக்காவில் பொறியாளராகப் பணியாற்றிய கல்லா ராமச்சந்திர நாயுடு தாயகம் திரும்பி, 1985-இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் வேரூன்றிய அந்நிறுவனத்தின் மின்கலங்கள் இன்று 'அமரான்' என்ற பெயரில் நாடெங்கும் வாகனங்களில் உள்ளன. சித்தூர் மாவட்டத்தில் நாயுடுவின் சொந்த ஊரான பேட்டமிட்டாவில் இந்நிறுவனம் ஒரு திறன் மேம்பாட்டு மையத்தை நடத்துகிறது. வேலையற்ற கிராமப்புற இளைஞர்களுக்கு அங்கே தொழிற்பயிற்சி அளிக்கப்படுகிறது. நகரத்தில் தங்கிப் படிக்க வசதியில்லாத பிள்ளைக்குப் பள்ளி ஊருக்கே வருவது பெரிய உதவி. நிறுவனத்துக்கும் இதில் பயன் உண்டு. சுற்றுப்புறத்தில் வாழும் தொழிலாளி வேலையை விட்டு விலகும் வாய்ப்பு குறைவு.

இரண்டாவது சான்று திருப்பதியில் உள்ள ஸ்ரீ வேங்கடேஸ்வரா பாரம்பரிய சிற்பக் கலை நிறுவனம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் இதனை 1960-இல் நிறுவியது. கோயிற் கட்டடக் கலை, கற்சிற்பம், சுதைச் சிற்பம், உலோகச் சிற்பம், மரச் சிற்பம், மரபு ஓவியம் ஆகியவை இங்கே பட்டயப் படிப்புகளாகவும், கலம்காரி சான்றிதழ்ப் படிப்பாகவும் கற்பிக்கப்படுகின்றன. கோயில்களைக் கட்டுவதும் புதுப்பிப்பதும் தேவஸ்தானத்தின் தொடர்ந்த பணி. அதற்குச் சிற்பியர் வேண்டும். ஆகவே, சிற்பிகளின் தேவையை நன்கு அறிந்த அமைப்பே சிற்பிகளை உருவாக்கும் பள்ளியையும் நடத்துகிறது. பட்டயப் படிப்பில் சேரும் மாணவர் ஒவ்வொருவர் பெயரிலும் தேவஸ்தானம் வங்கியில் ஒரு இலட்சம் ரூபாய் வைப்பீடு செய்து, படிப்பு முடிந்ததும் வழங்குகிறது. உளியும் கருவிகளும் வாங்கிச் சொந்தப் பட்டறை தொடங்க அது முதலாகிறது. இப்பள்ளியில் கற்றவர் தேவஸ்தானத்திலேயே பணிபுரிய வேண்டும் என்பதில்லை. எந்த ஊரில் கோயில் எழும்பினாலும் அவருடைய கைக்கு வேலை உண்டு.

பள்ளியும் ஆலையும் ஒப்பந்தம் செய்யும் முறை

தனிப் பள்ளி நிறுவும் வசதி எல்லா நிறுவனங்களுக்கும் இருப்பதில்லை. அவற்றுக்கு ஏற்றது, ஏற்கெனவே இயங்கும் ஐ.டி.ஐ.யுடன் கைகோப்பது. 2007-08-இல் 1,396 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்தும் திட்டம் வந்தபோது, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தொழில் நிறுவனம் பங்காளியாக இணைக்கப்பட்டது. நிலைய நிர்வாகக் குழுவுக்கு அந்நிறுவனத்தின் பிரதிநிதி தலைமை ஏற்றார். மத்திய அரசு ஒவ்வொன்றுக்கும் 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் வழங்கியது.

2016-இல் இருமுறைப் பயிற்சித் திட்டம் அறிமுகமானது. இதன்படி ஐ.டி.ஐ.யும் ஆலையும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. கோட்பாட்டையும் அடிப்படைச் செய்முறையையும் மாணவர் நிலையத்தில் கற்கிறார். மீதியை ஆலையில் கற்கிறார். ஓராண்டுப் படிப்பில் மூன்று முதல் ஆறு மாதமும், ஈராண்டுப் படிப்பில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும் ஆலையில் கழியும். சான்றிதழ் அதே தேசியத் தொழிற்சான்றிதழ் என்பதால், பயிற்சி அளித்த ஆலைக்கு வெளியிலும் அதற்கு மதிப்பு உண்டு.

இம்முறைக்கு முன்மாதிரி ஜெர்மனி. அங்கே பயிற்சியில் இருப்பவர் பொதுவாக வாரத்தில் மூன்று, நான்கு நாள்களை நிறுவனத்திலும், ஓரிரு நாள்களைத் தொழிற்பள்ளியிலும் கழிக்கிறார். 1969-இல் இயற்றப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டம் இதனை நெறிப்படுத்துகிறது. இறுதித் தேர்வை நடத்துவது பயிற்சி அளித்த நிறுவனம் அன்று. அப்பகுதியின் தொழில் வணிகச் சபை. பயிற்றுவிப்பவரும் மதிப்பிடுபவரும் வேறு வேறு என்பதால், சான்றிதழை நாடு முழுவதும் உள்ள வேலை தருவோர் நம்புகின்றனர்.

நம் நாட்டிலும் இத்தகைய இணைப்பில் முதலீடு பெருகி வருகிறது. தமிழ்நாடு அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனப்படுத்தியது. 2025 மே மாதத்தில் மத்திய அமைச்சரவை, ஐந்தாண்டுகளில் 1,000 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதில் மத்திய அரசின் பங்கு 30,000 கோடி. மாநிலங்களின் பங்கு 20,000 கோடி. தொழில்துறையின் பங்கு 10,000 கோடி. தொழில்துறை ஆலோசனை மட்டும் சொல்லாமல் பணத்தையும் ஈடுபடுத்த வேண்டும் என்பது இதன் அடிப்படை.

தொழிற்பழகுநர் முறை

மூன்றாவது முறை, ஆலையிலேயே தொழிற்பழகுநராகச் சேர்வது. 'அப்ரண்டிஸ்' என்று மக்கள் வழக்கில் சொல்லப்படுவது இதுவே. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதனை நெறிப்படுத்துகிறது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தல் கட்டாயம். நான்கு முதல் 29 பணியாளர் வரை உள்ள சிறு நிறுவனங்கள் விரும்பினால் சேர்க்கலாம்.

2019-இல் திருத்தப்பட்ட விதிகள் பழகுநரின் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை வகுத்தன. 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. முன்பு நிறுவனத்துக்குச் சென்ற இப்பங்கு, 2023 முதல் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. பயிற்சியில் சேருமுன் பிள்ளையின் பெயரில் ஆதார் இணைந்த கணக்கு இருப்பதை உறுதி செய்துகொள்ளுமாறு வாடிக்கையாளர்களுக்குப் பரிந்துரைப்பது இதனாலேயே.

சட்டத்தின் பார்வையில் பழகுநர் கற்பவர், தொழிலாளி அல்லர். ஆகவே, தொழிலாளர் சட்டங்களின் பெரும்பகுதி அவருக்குப் பொருந்தாது. எனினும், உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விதிகள் பொருந்தும். பயிற்சியின்போது விபத்தில் காயம் நேர்ந்தால் இழப்பீட்டுக்கு நிறுவனம் பொறுப்பாகும். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆட்சேர்ப்புக் கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நேர்மையாக நடைபெறும் பழகுநர் பயிற்சி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கல்வி. அதே ஏற்பாடு, கற்பிக்கும் எண்ணமில்லாத இடத்தில், சட்டத்தின் நிழலில் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாகவும் மாறக்கூடும். இரண்டிலும் சீருடை ஒன்று, நுழைவாயில் ஒன்று, பேருந்து ஒன்று. வேறுபாடு, பயிற்சி முடிந்தபின் இளைஞரின் கையில் எஞ்சுவது எது என்பதில்தான் தெரியும். அதுவரை காத்திராமல் முன்கூட்டியே கண்டறியச் சில கேள்விகள் உதவும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

முதலாவதாக, ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா, அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவாகியுள்ளதா? பதிவில்லாத பயிற்சிக்குச் சட்டப் பாதுகாப்பும் இல்லை, அரசுப் பங்கும் இல்லை.

இரண்டாவதாக, எந்தத் தொழிற்பிரிவில் பயிற்சி என்பது பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளதா? 'உற்பத்திப் பிரிவில் பயிற்சி' என்ற பொதுவான சொல் எதையும் உறுதி செய்வதில்லை.

மூன்றாவதாக, பயிற்றுநர் யார்? எத்தனை வகை இயந்திரங்களில், எத்தனை வாரம் பழக வாய்ப்பு உண்டு? நல்ல நிறுவனத்தில் பழகுநரின் பணிப் பதிவேடு ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு மாதமும் புதிய வேலை பதிவாகியிருக்கும்.

நான்காவதாக, இறுதியில் சான்றிதழ் தருபவர் யார்? தேசிய அளவில் ஏற்கப்பட்ட சான்றிதழா, அந்நிறுவனம் மட்டும் தரும் கடிதமா?

ஐந்தாவதாக, உதவித்தொகை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கணக்கில் சேர்கிறதா? உணவு, பேருந்து, விடுதி ஆகியவற்றுக்கு அதிலிருந்து பிடித்தம் உண்டா? முந்தைய ஆண்டில் பயின்றவர் ஒருவரைத் தேடிப் பேசினால் இதற்கு விடை எளிதில் கிடைக்கும்.

இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லும் நிறுவனத்தைப் பெரும்பாலும் நம்பலாம்.

சிறு தொழில் முனைவோருக்கு

நம் வாடிக்கையாளர்களில் பலர் சிறு ஆலைகளை நடத்துவோர். சித்தூர்ப் பகுதியின் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகளை எடுத்துக்கொள்வோம். கோடையில் பழம் வந்து குவியும் சில வாரங்களில் இயந்திரம் நின்றால், பழம் காத்திராது. அப்போது வேண்டியவர் கொதிகலனையும் குளிர்பதனப் பொறியையும் மின்சார அமைப்பையும் அறிந்த பராமரிப்புத் தொழிலாளி. பருவம் தொடங்கியபின் அத்தகையவரைத் தேடினால் கிடைப்பதரிது. அருகிலுள்ள ஐ.டி.ஐ.யின் எலக்ட்ரீஷியன், குளிர்பதன மாணவர்களுக்குப் பருவமில்லாத மாதங்களில் பராமரிப்புப் பணியின் வழியே பயிற்சி அளித்தால், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டக் கற்றவர்கள் பருவத்தின்போது கைவசம் இருப்பர். ஒரே ஆலையால் ஒரு வகுப்பையே ஏற்க இயலாவிடினும், நான்கைந்து ஆலைகள் சேர்ந்து ஏற்கலாம்.

2019-இல் ஆந்திரச் சட்டமன்றம், தொழிற்சாலை வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அத்தகைய ஒதுக்கீடு சரியா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, அச்சட்டத்தின் ஒரு பிரிவு கவனத்துக்குரியது: தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்காவிடில், அரசின் ஒத்துழைப்புடன் மூன்று ஆண்டுகளுக்குள் பயிற்சி அளித்து அவர்களைச் சேர்க்க வேண்டும் என்கிறது அது. 'ஆள் கிடைக்கவில்லை' என்பது முடிவான விடை அன்று என்பதே அதன் பொருள்.

வங்கியின் துணை

அரசு ஐ.டி.ஐ.களில் கட்டணம் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோருக்குக் கடன் தேவைப்படாது. கட்டணம் கூடுதலான படிப்புகளுக்குத் திறன் கடன் திட்டம் உள்ளது. 2015-இல் தொடங்கியபோது 5,000 ரூபாய் முதல் ஒன்றரை இலட்சம் வரை இருந்த கடன் அளவு, 2024 ஜூலையில் ஏழரை இலட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. இதற்கு அரசின் கடன் உத்தரவாதம் துணை நிற்கிறது. ஆயினும், கடன் பெறுமுன் மேற்கண்ட கேள்விகளை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது கடன் பெறுபவருக்கும் நல்லது, வங்கிக்கும் நல்லது. தவணையைத் திருப்பிச் செலுத்தப்போவது கற்ற திறனே அன்றி, சுவரில் மாட்டிய சான்றிதழ் அன்று.

ஆலை வேலையை நாடாமல் சொந்தத் தொழில் செய்ய விரும்புவோருக்கு, வங்கிகளே நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறநிலையமும் இரு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முயற்சியே இதற்கு முன்னோடி. குறுகிய காலப் பயிற்சி, தங்குமிடம், உணவு ஆகிய அனைத்தும் இங்கே இலவசம். பயிற்சி முடிந்தபின் கடன் பெறவும் வழிகாட்டப்படுகிறது.

உங்கள் வீட்டிலோ உறவிலோ இவ்வாண்டு ஐ.டி.ஐ.யில் சேரும் பிள்ளை இருந்தால், விண்ணப்பம் இடுமுன் ஒருநாள் அவருடன் அந்நிலையத்துக்குச் செல்லுங்கள். அலுவலகத்தோடு திரும்பாமல் பணிமனைக்குள்ளும் சென்று பாருங்கள். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, எந்த ஆலையுடன் ஒப்பந்தம் உள்ளது, சென்ற ஆண்டு மாணவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர் என்று கேளுங்கள். தொழிற்பழகுநர் கணக்கு, திறன் கடன் ஆகியவை பற்றிய விவரங்களை உங்கள் கிளையில் கேட்டறியலாம்.